முழங்கால் பிளாஸ்டிக் சீக்கிரம் கெடுவது யாரால்: ஆலையா, அறுவை அறையா?

கயல்: அம்மாவுக்கு முழங்கால் மாற்று அறுவை முடிவாகிவிட்டது. இரண்டு உலோகப் பாகங்களுக்கு நடுவே வைக்கும் பிளாஸ்டிக் இன்சர்ட்தான் தேயும் என்றார்கள். "எல்லாம் ஒரே பாலிஎத்திலீன்தான், எந்த கம்பெனியாக இருந்தால் என்ன?" என்கிறார் மாமா. அப்படியா?

பாலிமர் பித்தன்: மாமா சொல்வதில் பாதிதான் சரி. தூள் பெரும்பாலும் ஒரே வகைதான்: மூலக்கூறு எடை பல பத்து லட்சங்களில் இருக்கும் பாலிஎத்திலீன். சங்கிலிகள் அத்தனை நீளம் என்பதால் உருக்கினாலும் ஓடாது. வாளி, குடம் வார்க்கிற மாதிரி அச்சுக்குள் பீய்ச்ச முடியாது. சூடும் அழுத்தமும் கொடுத்துத் துகளோடு துகளை ஒட்ட வைக்க வேண்டும். எங்காவது சரியாக ஒட்டவில்லை என்றால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். முன்பு தூளில் கால்சியம் ஸ்டியரேட் என்ற துணைப்பொருளைச் சேர்ப்பார்கள். அது துகள்களின் இடையில் தங்கி ஒட்டலைக் கெடுக்கிறது என்ற புகார் வலுத்ததும் விட்டுவிட்டார்கள்.

கத்திக்காரன்: எலும்பு மூட்டு அறுவைதான் என் தொழில். மறுபடி திறக்க வேண்டி வருகிற முழங்கால்களில் முன்னணிக் காரணம் தொற்றும் உலோகம் தளர்வதும். பாலி தேய்ந்து வருகிறவர்களிடமும் பலமுறை ஒரு பக்கம் மட்டும் பள்ளமாகியிருக்கும். அது காலின் நேர்கோடு தவறிக் கோணலாகப் பொருத்தியதன் கைவண்ணம். 2019இல் வந்த தொகுப்பாய்வின்படி 100க்கு 82 முழங்கால்கள் 25 ஆண்டு தாங்குகின்றன. 25 ஆண்டு ஓடியவை எல்லாம் பித்தன் சார் திட்டப்போகிற பழைய பிளாஸ்டிக்தானே?

பாலிமர் பித்தன்: திட்டத்தான் போகிறேன், டாக்டர். 1990களின் நடுப்பகுதி வரை பலர் காற்று இருக்கும் பொட்டலத்திலேயே வைத்து 25 முதல் 40 கிலோகிரே (கதிர் அளவின் அலகு) வரை காமா கதிர் செலுத்திக் கிருமி நீக்கினார்கள். கதிர் சங்கிலிகளை அறுத்து ஃப்ரீ ராடிக்கல்களை, அதாவது எதனோடாவது ஒட்டத் துடிக்கும் அறுந்த முனைகளை, விட்டுவிடும். அவை ஆக்சிஜனோடு சேர, அலமாரியில் இருக்கும்போதே இன்சர்ட் கெட ஆரம்பிக்கும். கழற்றி எடுத்த பழைய இன்சர்ட்டை மெல்லிய சீவலாக வெட்டி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மேல்பரப்பு நன்றாகத்தான் இருக்கும். அதற்கு ஓரிரு மி.மீ. கீழே வெள்ளைப் பட்டை ஓடும். அந்த இடம் நொறுங்கிப்போயிருக்கும். முழங்காலில் வெட்டு விசை (ஒரு அடுக்கை இன்னொன்றின் மேல் வழுக்கித் தள்ளும் விசை) உச்சத்துக்குப் போவதும் ஏறக்குறைய அதே ஆழத்தில்தான். அதனால்தான் இடுப்பு மூட்டில் நுண்தூளாகத் தேய்வது இங்கே செதில் செதிலாகப் பெயர்கிறது. இதற்கு உங்கள் கத்தி என்ன செய்யும்?

கடைசல் மணி: நான் லேத் ஆள், வேறு துறை. பாளம் வாங்கிக் கடைந்து எடுப்பதற்கும் நேராக அச்சில் அழுத்துவதற்கும் வித்தியாசம் உண்டா? கடைசல் உளி விட்ட கோடு, டூல் மார்க், இருந்தால் தேய்மானம் கூடுமா?

பாலிமர் பித்தன்: டூல் மார்க் நடக்க ஆரம்பித்த கொஞ்ச நாளில் மழுங்கிவிடும், பெரிய விஷயம் இல்லை. ஆனால் வித்தியாசம் உண்டு, மணி அண்ணா. ஏஜிசி என்ற மாடலின் இன்சர்ட்டை நேரடியாக அச்சில் அழுத்திச் செய்தார்கள். காற்றிலேயே காமா வாங்கியும் அதில் ஆக்சிஜனேற்றம் குறைவாக இருந்தது. 1980களின் பிசிஏ மாடலில் மேல்பரப்பு வழவழப்பாகட்டும் என்று சூடான அச்சால் அழுத்தி முடித்தார்கள். அந்தத் தோல் அப்படியே உரிந்தது.

கத்திக்காரன்: சரி, பிறகு நீங்கள் கண்டுபிடித்த மருந்து? கதிரைக் கூட்டி 50, 100 கிலோகிரே கொடுத்துச் சங்கிலிக்குச் சங்கிலி குறுக்கே இணைப்பு போட்டீர்கள். இடுப்பில் பிரமாதம். மிச்ச ராடிக்கலைக் கொல்ல மறுபடி உருக்கினால் படிகத்தன்மை இறங்குகிறது, திரும்பத் திரும்பப் பாரம் ஏறுவதைத் தாங்கும் வலு குறைகிறது. முழங்காலில் நடுத்தூண் வைத்த டிசைனுக்கு அது ஆபத்து. உருக்காமல் சூடாக்கினால் ராடிக்கல் மிச்சம். இப்போது அந்த ராடிக்கலை அடக்க வைட்டமின் ஈ கலக்கிறீர்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் "இதுதான் கடைசித் தீர்வு" என்கிறீர்கள். கால் நேராக இருக்க வேண்டும், இன்சர்ட் 8 மி.மீ.க்குக் குறையக்கூடாது. இது இரண்டும் மாறவே இல்லை.

பாலிமர் பித்தன்: நேராக வைத்த காலிலும் கெட்டதே, எக்ஸாக்டெக் கம்பெனியின் இன்சர்ட்? 2004க்குப் பிறகு செய்தவற்றில் பெரும்பாலானவை ஆக்சிஜனைத் தடுக்கும் ஒரு அடுக்கு இல்லாத பையில் போயின. 2021இல் திரும்பப் பெற ஆரம்பித்து, 2022இல் அமெரிக்காவில் மட்டும் 1,40,000க்கு மேல் போனது. அங்கே எந்தக் கையைக் குறை சொல்வீர்கள்?

கத்திக்காரன்: அது பை. பிளாஸ்டிக் இல்லை.

பாலிமர் பித்தன்: பையில் போட்டு ஒட்டுகிற வரை தயாரிப்புதான், டாக்டர்!

கயல்: நீங்கள் இருவரும் சண்டையை அப்புறம் தொடருங்கள். நான் ஆஸ்பத்திரியில் என்ன கேட்க வேண்டும்?

பாலிமர் பித்தன்: குறுக்கிணைப்பு உண்டா, எப்படிக் கிருமி நீக்கினார்கள், எந்தத் தேதியில் பையில் அடைத்தார்கள். மூன்றுக்கும் கம்பெனிப் பிரதிநிதிக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். தெரியாது என்றால் யோசியுங்கள்.

கத்திக்காரன்: முதலில் சர்ஜன் வருஷத்துக்கு எத்தனை முழங்கால் செய்கிறார் என்று கேளுங்கள். அப்புறம் ஒன்று: இன்சர்ட் பெட்டியில் லாட் எண்ணோடு (எந்தத் தொகுதியில் செய்தது என்ற எண்) ஸ்டிக்கர் வரும், கேஸ் ஷீட்டில் ஒட்டுவோம். வீட்டுக்குக் கிளம்பும்போது அதன் நகலை வாங்கி அம்மாவின் ஃபைலில் வையுங்கள். அந்த எக்ஸாக்டெக் விவகாரத்தில், தங்கள் காலுக்குள் இருப்பது எது என்றே தெரியாமல் திண்டாடியவர்கள் உண்டு. பித்தன் சார், இதை உங்கள் கட்சி ஓட்டாக எண்ண வேண்டாம்.