கதவுக்கு அடியில் மழைத்தண்ணீர்: உங்கள் வீட்டில் எப்படி நின்றது?

பின்பக்கக் கதவு. மரக்கதவு, உள்பக்கமாகத் திறப்பது. நேராகப் பெய்கிற மழைக்கு ஒன்றும் ஆகாது. காற்றோடு சாய்ந்து அடித்தால் அரை மணி நேரத்தில் கதவுக்கு உள்ளே போட்ட சாக்கு நனைந்து, அதைத் தாண்டியும் தண்ணீர் ஓடும். ராத்திரி எழுந்து சாக்கைப் பிழிவதிலேயே இரண்டு மழைக்காலம் போய்விட்டது. போன வாரம் கதவின் அடியில் ஒட்டுகிற ரப்பர் பட்டை வாங்கி ஒட்டினேன். முதல் மழையிலேயே ஒரு முனை பிய்ந்து தொங்குகிறது. மேஸ்திரியைக் கேட்டால், "வாசற்படியை உடைச்சுப் புதுசாப் போடணும்" என்கிறார். அதற்கு முன்னால் வேறு வழி இருக்கிறதா? பட்டு அனுபவித்தவர்கள் சொல்லுங்கள்.

*

ஒட்டுப் பட்டை எங்கள் வீட்டிலும் ஒரு மாதம் தாங்கவில்லை அண்ணா. தூசியும் ஈரமும் இருக்கிற மரத்தில் பசை பிடிக்காது. அலுமினியச் சட்டத்தில் ரப்பர் செருகி, ஸ்க்ரூ போட்டு முடுக்குகிற வகை வருகிறது, அதை வாங்குங்கள். ஸ்க்ரூ ஓட்டை நீளவாக்கில் இருக்கும், அதனால் பட்டையை ஏற்றி இறக்கிச் சரி செய்யலாம். உங்கள் கதவு உள்ளே திறப்பது என்பதால் உள்முகத்தில் பொருத்துங்கள்.

நான் செய்த தப்பு: இடைவெளியே இருக்கக் கூடாது என்று அழுத்தி வைத்தேன். கதவு தரையை உரசி உரசி ரப்பர் கிழிந்தே போனது. ஒரு தாளைப் படியில் வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் பிடித்துக்கொண்டு வந்தால் சரி. லேசாக உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் இடைவெளி. நடுவில் ஒரு தடவை, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு தடவை பார்க்கணும். எங்கள் படி நடுவில் தேய்ந்து பள்ளமாகியிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

*

மன்னிக்கணும், பட்டைக்குப் போவதற்கு முன்னால் என் கதையைக் கேளுங்கள். நானும் அடியில்தான் வருகிறது என்று நினைத்து இரண்டு பட்டை மாற்றினேன், படியோரம் முழுக்க சிலிக்கான் இழுத்தேன். தண்ணீர் நின்றபாடில்லை. கடைசியில் என் மாமனார் வந்து, "தண்ணி தெரியுற இடத்தை விடு மாப்ளே, நுழையுற இடத்தைப் பாரு" என்று ஹோஸ் பைப்பை எடுத்தார்.

வேலை இரண்டு பேருக்கு. ஒருவர் வெளியே பைப்போடு, இன்னொருவர் உள்ளே டார்ச்சோடு. முதலில் படிக்கு மட்டும் தண்ணீர் விடணும், கதவில் படக் கூடாது. ஐந்து நிமிடம். உள்ளே வரவில்லையா, கதவின் கீழ்ப்பாதி. பிறகு நிலையின் பக்கவாட்டு, கடைசியாக நிலைக்கு மேலே. கீழிருந்து மேலேதான் போகணும். மேலேயிருந்து ஆரம்பித்தால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழிந்து, எதுவும் புரியாது.

எங்களுக்குப் படியும் கதவும் தேறிவிட்டன. பக்கவாட்டு நிலைக்கும் சுவர்ப் பூச்சுக்கும் நடுவே முடி மாதிரி ஒரு விரிசல். அதில் பைப்பைக் காட்டிய இரண்டாவது நிமிடம், நிலைக்குப் பின்னால் இறங்கிய தண்ணீர் படியின் மூலையில் வந்து எட்டிப் பார்த்தது! பழைய பூச்சைச் சுரண்டிக் காயவிட்டு சிலிக்கான் வைத்தோம். ஈரத்தின் மேலும் பழைய சிலிக்கானின் மேலும் புதியது ஒட்டாது, அதை மறக்காதீர்கள்.

*

ஆசாரி வேலை தெரிந்தவன் என்ற முறையில் ஒன்று. காற்று அடித்தால் மட்டும் வருகிறது என்கிறீர்களே, அதற்குக் காரணம் இருக்கு. மணிக்கு 60 கி.மீ. வேகக் காற்று கதவில் நேராக மோதினால், அந்த அழுத்தம் சுமார் 17 மி.மீ. உயரத்துக்குத் தண்ணீரைத் தூக்கும். படியின் விளிம்பு அதைவிடத் தாழ்வாக இருந்து, இடுக்கில் தண்ணீரும் நின்றால், காற்றே அதை ஏற்றி உள்ளே தள்ளிவிடும். இன்னொன்று, கதவில் வழிகிற தண்ணீர் அடி விளிம்புக்கு வந்ததும் நேரே சொட்டாது. மரத்தை ஒட்டிக்கொண்டு அடிப்பக்கமாக உள்ளே நகரும்.

இதற்குக் கதவின் வெளிமுகத்தில் அடியோரம் சாய்வாக ஒரு மரச்சட்டம் அடிக்கணும். சட்டத்தின் அடியில், வெளி விளிம்புக்குப் பக்கமாக, நீளத்துக்கும் ஒரு காடி, அதாவது ஒடுக்கமான பள்ளம், வெட்டணும். 6 மி.மீ. போதும். ஒட்டிக்கொண்டு வருகிற தண்ணீர் காடியைத் தாண்ட முடியாமல் அங்கேயே சொட்டிவிடும். சன்ஷேடுக்கு அடியில் போடுகிறார்களே, அதே வேலைதான். காடி இல்லாத சட்டம் அழகுக்குத்தான் ஆகும்.

கதவைக் கழற்றினால் அடி விளிம்பைப் பாருங்கள். பத்தில் ஒன்பது கதவில் அங்கே பெயின்ட் இருக்காது, நிமிர்த்தி வைத்து அடிக்கிறவனுக்கு எட்டாத இடம். பெயின்ட் படாத அந்த மரம்தான் தண்ணீர் குடித்து உப்பும்.

*

எங்களுடையது பால்கனி ஸ்லைடிங் கதவு. கீழ்த் தடத்தின் வெளிப்பக்கம் சின்னச் சின்ன ஓட்டை இருந்தது. "இதுவழியாத்தான் தண்ணி வருது" என்று சிலிக்கான் வைத்து அடைத்த அறிவாளி நான். அது தண்ணீர் வெளியேறுகிற ஓட்டையாம். அடுத்த மழைக்குத் தடம் தொட்டியாகி ஹாலுக்குள் கொட்டியது. ஊசியால் குத்திக் குத்தித் திறந்தேன்.

*

வாட்டம், அதாவது தரையின் சரிவு, பார்த்தீர்களா சார்? வாசலுக்கு வெளியே ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வெளியே ஓடினால் நல்லது. கதவைப் பார்த்து வந்தால் எந்தப் பட்டையும் காப்பாற்றாது. எங்கள் வீட்டில் பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டினார்கள், படியின் உயரம் பாதி போனது, வாட்டமும் மாறிவிட்டது. ஒரு மீட்டருக்கு 2 செ.மீ. இறக்கமாவது வெளிப்பக்கம் வேணும். உடைக்க மனமில்லாமல் கதவுக்கு முன்னால் குறுக்கே கால்வாய் வெட்டி, மேலே கம்பிச் சட்டம் போட்டோம். இலை அடைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

*

ஆரம்பித்தவன் திரும்ப வந்திருக்கிறேன். குடம் தண்ணீர் வெளியேதான் ஓடியது, மேஸ்திரி சொன்ன மாதிரி படியை உடைக்க வேண்டியிருக்கவில்லை. படிக்கு ஹோஸ் விட்டபோதும் உள்ளே காய்ந்தே இருந்தது. கதவின் கீழ்ப்பாதியில் விட்டதும் வந்துவிட்டது. தம்பி உள்ளேயிருந்து போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். கதவைக் கழற்றிப் பார்த்தால் ஆசாரி சொன்னபடியே அடியில் ஒரு சொட்டுப் பெயின்ட் இல்லை. காயவைத்து, இரண்டு கோட் அடித்து, காடி வெட்டிய சட்டமும் ஸ்க்ரூ பட்டையும் போட்டேன்.

நேற்றைக்குக் காற்றோடு நல்ல மழை. சாக்குக்குப் பதில் வெள்ளைத் தாளை விரித்து வைத்திருந்தேன். கீல் பக்க மூலையில் மட்டும் ஒரு நாணய அளவுக்கு ஈரம். பட்டையை அந்த முனையில் கொஞ்சம் இறக்கிப் பார்க்கணும். சாக்கை இன்னும் தூக்கிப் போடவில்லை.