கலர்ஃபாஸ்ட் என்றால் சாயம் ஓடுமா, நிற்குமா? அவசரம்

திருப்பூர்_மகள்: வணக்கம். பையர் (ஆர்டர் கொடுத்து வாங்குபவர்) அனுப்பிய லேபிள் வாசகத்தில் 'கலர்ஃபாஸ்ட்' என்று வருகிறது. கருநீல டி-ஷர்ட். ஃபாஸ்ட் என்றால் வேகம்தானே? சாயம் வேகமாகப் போகும் என்று யாராவது லேபிளில் அச்சடிப்பார்களா? ஆறு மணிக்குள் அச்சகத்துக்குப் போக வேண்டும்.

பவானிக்காரர்: முழு வரியையும் போடுங்கள் அம்மணி. ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு என்ன சொல்வது?

பட்டறை_மாமா: நேர் எதிர். சாயம் போகாது என்று பொருள். ஆய்வகத்தில் துவைத்துப் பார்த்து, கிரே ஸ்கேல் என்னும் சாம்பல்நிற ஒப்பீட்டு அட்டையில் 1 முதல் 5 வரை மதிப்பிடுவார்கள். 5 என்றால் துளியும் மாற்றமில்லை. ரிப்போர்ட்டில் எத்தனை? துவைப்புக்கா, உரசலுக்கா? கருநீலம் துவைப்பில் தேறினாலும் ஈரத்தில் உரசினால் வெள்ளைத் துணியில் அப்பிக்கொள்ளும்.

இலக்கணப்புலி: பள்ளியிலேயே தெரிந்துகொண்டிருக்க வேண்டியது. 'ஃபாஸ்ட்' என்பதன் பழைய பொருளே 'இறுகப் பற்றிய' என்பதுதான். வேகம் பிற்பாடு வந்தது. 'ஃபாஸ்ட் அஸ்லீப்' என்றால் ஆழ்ந்து தூங்குவதா, வேகமாகத் தூங்குவதா? உண்ணா நோன்பைக் குறிக்கும் ஃபாஸ்ட்டுக்கும் இதே வேர். அகராதியைப் புரட்டக்கூடவா நேரமில்லை?

பவானிக்காரர்: புரட்டினால் ஒன்றில் 'கலர்ஃபாஸ்ட்' என்று சேர்த்து எழுதியிருக்கிறது, இன்னொன்றில் பிரித்து. அந்தப் பெண் அவசரத்தில் கேட்கிறார், விடுங்கள்.

கோபி_அத்தை: புதுத் துண்டை உப்புத் தண்ணீரில் ஓரிரவு ஊறப்போட்டால் சாயம் நின்றுவிடும். என் மாமியார் சொன்னது.

பட்டறை_மாமா: அத்தை, உப்புக்கு வேலை சாயத் தொட்டியில்தான். ரியாக்டிவ் சாயத்தை, அதாவது பருத்தியோடு வினைபுரிந்து பிணையும் சாயத்தை, இழைக்குள் தள்ளுவது உப்பு. பிணைத்து நிறுத்துவது சோடா ஆஷ். பிணையாமல் ஒட்டிக்கிடக்கும் சாயத்தை சோப்பிங்கில் (சாயமிட்ட பின் சோப்புப் போட்டுச் சூடாக அலசுவது) அலசாமல் விட்டால்தான் முதல் துவைப்பில் வாளியெல்லாம் நீலமாகிறது.

நொய்யல்_கரை: அந்த உப்பெல்லாம் எங்கே போனது என்று எங்கள் தென்னையைக் கேளுங்கள். கழிவு நொய்யல் ஆற்றில் கலந்ததால் 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது மறந்துவிட்டதா?

பட்டறை_மாமா: இப்போது கழிவுநீரைச் சுத்திகரித்து உப்பையும் மீட்டெடுக்கிறோம். பழைய கதை எதற்கு?

நொய்யல்_கரை: சாயக்கழிவு தேங்கிய நொய்யலின் ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீரில் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, பழைய கதை என்று சொல்லுங்கள்.

பவானிக்காரர்: அம்மணி, முழு வரி?

திருப்பூர்_மகள்: மன்னிக்கவும். முன்னால் 'நாட்' என்றும் இருக்கிறது. 'நாட் கலர்ஃபாஸ்ட், தனியாகத் துவைக்கவும்.' அப்படியே அச்சுக்கு அனுப்பிவிட்டேன். நன்றி.

பட்டறை_மாமா: 'நாட்' என்றா? பையரே அப்படிப் போடச் சொன்னாரா? எந்தப் பட்டறைச் சாயம் அது?

பட்டறை_மாமா: இருக்கிறீர்களா?