ஃபாதர் மணலைப் பற்றிப் பேசலாமா?

குழு: நம்ம தெரு, நாகர்கோவில்
ஞாயிறு, காலை 9:42

ஜெபின்: இன்றைக்குப் பூசைக்குப் போனவர்கள் யாராவது சொல்லுங்கள். பிரசங்கம் முக்கால் மணி நேரம். நற்செய்தி பற்றி ஐந்து நிமிஷம், மீதி முழுக்கக் கிள்ளியூர் மணல். பையன் பாதியிலேயே தூங்கிவிட்டான்.

மேரி டீச்சர்: நானும் இருந்தேன் மக்கா. முக்கால் மணி எல்லாம் இல்லை, அரை மணிதான்.

ஜெபின்: டீச்சர், கொஞ்சம் நிம்மதிக்குத்தான் கோயிலுக்கு வருகிறோம். டிவியில் போடும் சண்டையை அங்கேயும் கேட்க வேண்டுமா?

அருண் (பெங்களூரு): கிள்ளியூரில் என்ன விஷயம்?

மேரி டீச்சர்: ஐ.ஆர்.இ. என்கிற மத்திய அரசு நிறுவனம் கடற்கரை மணலை அள்ளும் திட்டம். கீழ்மிடாலம், இனயம் புத்தன்துறை பக்கம் எல்லாம் சேர்த்து 1144 ஹெக்டேர். 2024 அக்டோபர் 1இல் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று அறிவித்தார்கள், எதிர்ப்பு கிளம்பியதும் தள்ளிவைத்துவிட்டார்கள். அந்த மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, அதில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் இருக்கிறது. கரையில் இருக்கிறவர்களுக்குப் பயம் இருக்காதா?

ராதா அக்கா (அட்மின்): இதைத்தான் நான் பயந்தேன். பொங்கல் விழாவுக்கு ஃபாதர், மடத்துச் சாமி, இமாம் மூன்று பேரையும் கூப்பிட்டிருக்கிறோம். மணல், தேர்தல், டாஸ்மாக் எதுவும் பேச வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாமா? நோட்டீஸ் நாளைக்கு அச்சுக்குப் போகணும். எல்லாரும் கருத்துச் சொல்லுங்கள்.

பஷீர் பாய்: அப்படியென்றால் மூன்று பேரும் வந்து ‘எல்லாரும் ஒற்றுமையாக இருங்கள்’ என்று சொல்லிவிட்டு, பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டியதுதான் 😄

ஜெபின்: அதுவே போதும் பாய்.

கணேசன் மாமா: போதாது ஜெபின். 1982 மண்டைக்காட்டு இந்து-கிறிஸ்தவக் கலவரத்தை நீ பார்க்கவில்லை. அம்மன் கோயில் மாசிக் கொடை நேரம், மார்ச் 1. துப்பாக்கிச்சூடு, உயிர்ப்பலி, அப்புறம் ஊர் ஊராகத் தீ. அப்போது நான் தபால் ஆபீசில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கடற்கரை ஊர்களுக்குக் கட்டு எடுத்துக்கொண்டு போக ஆள் கிடைக்கவில்லை. அந்த நேரத்தில் குன்றக்குடி அடிகளார் வந்தார். காவி உடுத்தி, உடம்பெல்லாம் திருநீறு பூசிய ஒரு சைவ மடாதிபதி, கத்தோலிக்க மீனவக் குடியிருப்புகளுக்குள்ளேயே போய்ப் பேசினார். அதற்குப் பிறகுதான் மும்மதத்தாரையும் சேர்த்துத் திருவருட் பேரவை வந்தது.

கணேசன் மாமா: கேள்வி என்னவென்றால், அவர் சொன்னதை மீனவர்கள் ஏன் கேட்டார்கள்? அதுவரை மடத்துக்குள் உட்கார்ந்து பூசை மட்டும் பண்ணிக்கொண்டிருந்தவராக இருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? பெரியாரோடு மேடை ஏறியவர். ஏழைகளுக்கு நிலம் கேட்ட பூதான இயக்கத்தில் வினோபாவோடு நின்றவர். இந்தி எதிர்ப்பில் இருந்தவர். மேலவை உறுப்பினர். சாதியைப் பற்றி அவர் சொன்னது அவர் ஆட்களுக்கே பிடிக்காமல் போயிருக்கிறது. அதனால்தான் ‘இந்த மனிதர் யாருக்கும் வக்காலத்து வாங்க வரவில்லை’ என்று எதிர்த் தரப்பு நம்பியது. ஊர் எரியும்போது மட்டும் வாயைத் திறக்கிறவன் பேச்சை எவனும் காதில் போட்டுக்கொள்ள மாட்டான்.

மேரி டீச்சர்: 👏

ஜெபின்: மாமா, அந்தக் கலவரத்துக்கு முன்னால் மேடைகளில் என்ன என்ன பேசினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பற்றவைத்ததிலும் மதத்தின் பேரில் பேசினவர்கள் இருந்தார்கள்.

கணேசன் மாமா: இருந்தார்கள். இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அருண் (பெங்களூரு): நான் ஜெபின் பக்கம். இலங்கையைப் பாருங்கள். 1956இல் பண்டாரநாயக்காவை ஆட்சியில் ஏற்றியதில் பிக்குகளுக்குப் பெரிய பங்கு. 1957இல் அவர் தமிழர் தலைவர் செல்வநாயகத்தோடு, தமிழ்ப் பகுதிகளுக்குக் கொஞ்சம் அதிகாரம் தர ஒப்பந்தம் போட்டார். மறு வருஷம் ஏப்ரலில் பிக்குகள் கொழும்பில் அவர் வீட்டு முற்றத்திலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்கள், ஒப்பந்தத்தைக் கைவிட்டேன் என்று எழுதி வாங்கிய பிறகுதான் எழுந்தார்கள். 1959இல் அவரைச் சுட்டவரும் ஒரு பிக்குதான். சாமியாருக்கு அரசியல் ருசி தெரிந்தால் இதுதான் முடிவு.

பஷீர் பாய்: அது உண்மைதான் தம்பி. அந்த ஒப்பந்தம் நின்றிருந்தால் எத்தனை சாவு மிச்சமாகியிருக்கும்.

கணேசன் மாமா: அருண், அங்கே உட்கார்ந்தவர்கள் என்ன கேட்டார்கள்? ‘அடுத்தவனுக்குக் கொடுக்காதே’ என்று கேட்டார்கள். அடிகளார் ‘அடுத்தவன் வீட்டுக்குப் போ’ என்றார். இரண்டும் அரசியல்தான், ஆனால் ஒன்றாக எண்ண முடியுமா?

ஜெபின்: அப்படிப் பார்த்தால் எங்கள் ஃபாதரும் தன் பங்கு மக்களுக்காகத்தானே பேசுகிறார்?

கணேசன் மாமா: நல்ல கேள்வி கேட்டாய்.

மேரி டீச்சர்: மணல் மதம் பார்த்தா போகும்? கரையைத் தாண்டி உள்ளே தென்னை வைத்திருக்கிறவன் கிணறும் அங்கேதான் இருக்கிறது. 2017 ஒக்கிப் புயலை மறந்துவிட்டாயா? யார் யார் கரை திரும்பவில்லை என்ற பட்டியலைப் பங்குக் கோயில்களில் உட்கார்ந்து எழுதினோம். தூத்தூரில் என் அக்கா வீட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு. படகு பெயர், ஆள் பெயர், கடைசியாகப் போன் வந்த நேரம். அரசாங்கக் கணக்கும் அதுவும் ஒத்துப்போகவில்லை. டிசம்பர் 7இல் குழித்துறை ஸ்டேஷனில் தண்டவாளத்தில் ஜனங்கள் உட்கார்ந்தபோது ஃபாதர்மாரும் கூட உட்கார்ந்தார்கள். அன்றைக்கு அவர்கள் பங்களாவில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தால் நீயே திட்டியிருப்பாய்.

ஜெபின்: ஒக்கி வேறு டீச்சர்.

மேரி டீச்சர்: என்ன வேறு?

ஜெபின்: செத்தவர்கள் விஷயம். அதில் இரண்டு பக்கம் கிடையாது. மணலில் வேலை கிடைக்கும் என்று நம்புகிறவனும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறான். பிரசங்கத்தில் எழுந்து மறுத்துப் பேச முடியுமா? கூட்டத்தில் பேசட்டும், நான் கையைத் தூக்கிக் கேள்வி கேட்பேன். பீடத்தில் நின்றால் கேட்க முடியாது.

பஷீர் பாய்: இது சரியான பாயிண்ட்.

கணேசன் மாமா: ஒத்துக்கொள்கிறேன். மைக் ஒருத்தர் கையில், வாய் மூடினவர்கள் நூறு பேர்.

உஷா (மாடி வீடு): இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ராதா அக்கா (அட்மின்): உஷா, கட்சி ஃபார்வர்டு வேண்டாம் என்று எத்தனை தடவை சொல்வது 🙏

உஷா (மாடி வீடு): கை தவறிப் போய்விட்டது அக்கா. ஆனால் நானும் ஒன்று சொல்கிறேன். எங்கள் பாட்டி சாமித்தோப்புப் பதிக்கு, அதாவது அய்யாவழிக் கோயிலுக்குப் போகிறவர். ஆண்கள் தலைப்பா கட்டித்தான் உள்ளே போவார்கள். ஒரு காலத்தில் எங்கள் ஆட்கள் தலைப்பா கட்டினால் உதை விழும். அதைக் கும்பிடும் இடத்திலேயே கட்டச் சொன்னவர் அய்யா வைகுண்டர். திருவிதாங்கூர் மகாராஜாவைக் கலிநீசன், அதாவது கலியின் கொடியவன் என்றதற்குத் திருவனந்தபுரத்தில் சிறையில் போட்டார்கள். அவரையும் பேசாதே என்றா சொல்வோம்?

மேரி டீச்சர்: நம் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தும் தோள்சீலை உரிமைக்கும் மிஷனரிமார் எழுதிய மனுக்கள் எத்தனை! 1859 ஜூலையில்தான் உத்தரவு வந்தது. அதிலும் மேல்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி போடக் கூடாது என்று ஒரு கொக்கி.

அருண் (பெங்களூரு): சரி, இது எனக்குத் தெரியாது. உஷா அக்கா, தனியாக அனுப்புங்கள்.

பஷீர் பாய்: நான் வக்கீல் ஆபீசில் இருந்தவன், சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1988 சட்டப்படி கோயில், பள்ளிவாசல், சர்ச் வளாகத்தை அரசியல் வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. தேர்தலில் மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பது முறைகேடு, 2017 ஜனவரி 2இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 4க்கு 3 என்று அதை இன்னும் இறுக்கியது. இன்னாருக்குப் போடாவிட்டால் தெய்வக் குற்றம் வரும் என்று மிரட்டுவதும் அதே வகைதான். மண், தண்ணீர், சாதி, சாராயம் பற்றிப் பேசினால் தேர்தல் சட்டம் குறுக்கே வராது. நம் விழா தெருவில் நடக்கிறது, அதனால் வளாகப் பிரச்சினையும் இல்லை.

ராதா அக்கா (அட்மின்): அப்படியானால் நோட்டீஸில் ‘பேச்சுக்குப் பின் கேள்வி நேரம்’ என்று ஒரு வரி சேர்க்கிறேன். கட்சி பெயர், வேட்பாளர் பெயர் வேண்டாம் என்று மூன்று பேரிடமும் நானே சொல்கிறேன். ஜெபின், உனக்குச் சரியா?

ஜெபின்: கேள்வி நேரம் உண்டென்றால் சரி. முதல் கேள்வி நான்தான். நம் சாமிகளுக்கு மணல் மட்டும்தான் தெரிகிறதா, கல்யாணத்துக்கு நாம் வாங்கும் நூறு பவுன் தெரியவில்லையா என்று கேட்பேன்.

கணேசன் மாமா: அதைக் கேள் மகனே. அதுதான் அவர்களுக்கும் கஷ்டம், நமக்கும் கஷ்டம்.

மேரி டீச்சர்: ஆளுக்குப் பதினைந்து நிமிஷம்தான் என்று ஃபாதரிடம் யார் சொல்வது?

ஜெபின்: நான் சொன்னால் அடுத்த ஞாயிறு பிரசங்கமே என்னைப் பற்றித்தான் இருக்கும். மாமாவை அனுப்புங்கள்.

கணேசன் மாமா: சாயங்காலம் போகிறேன். மைக் செட்டுக்கு யார் அட்வான்ஸ் கொடுத்தது? அவன் இன்னும் ரசீது தரவில்லை.