காட்லாவுக்குப் பக்கத்தில் இரண்டு நாள்

எரிமலை அருகே போனவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். நான் நெருப்பைப் பார்க்கவில்லை. மலையைக்கூடப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது.

2024 ஜூலை கடைசியில் நானும் என் மனைவியும் ஐஸ்லாந்தின் தென்கரையில் வீக் என்ற சின்ன ஊரில் தங்கியிருந்தோம். அதன் வடக்கே மிர்தால்ஸ்யோக்குல் என்ற பெரும் பனிப்பரப்பு. காட்லா எரிமலை அதற்கு அடியில்தான் இருக்கிறது. சுமார் 10 கிலோமீட்டர் அகலமான எரிமலைப் பள்ளம், அதன்மேல் சில இடங்களில் 700 மீட்டர் வரை பனிக்கட்டி. வெளியிலிருந்து பார்த்தால் மேகமும் வெள்ளையும்தான்.

26ஆம் தேதி அங்கே ஒரு பனிக்குகைக்குப் போனோம். சுவர் முழுக்க நீலப் பனி, நடுநடுவே கறுப்பு வரிகள். கைடு கையுறையைக் கழற்றி ஒரு வரியை விரலால் தேய்த்துக் காட்டினார். எப்போதோ வெடித்தபோது விழுந்த சாம்பலாம். அடுப்புச் சாம்பல் போல மெத்தென்று இருக்கும் என்று நினைத்துத் தொட்டேன். நறநறவென்றிருந்தது, பொடித்த கண்ணாடி மாதிரி.

மறுநாள் மதியம் கிழக்கே கிளம்பினால், பாதையில் தடுப்பு. ஸ்கால்ம் ஆற்றில் திடீர் வெள்ளம், நாட்டைச் சுற்றிப் போகும் ரிங் ரோட்டின் மேலேயே தண்ணீர் போகிறது என்றார்கள். மழை காரணமில்லை. அடியில் உள்ள எரிமலையின் சூடு பனியை உருக்கிக்கொண்டே இருக்கும். அந்தத் தண்ணீர் பனிக்குக் கீழேயே தேங்கும், ஒரு கட்டத்தில் வழி கண்டுபிடித்து மொத்தமாக வெளியே பாயும். இதற்கென்றே அவர்கள் மொழியில் ஒரு சொல் உண்டு: யோக்குல்லாப், பனியாற்றின் ஓட்டம்.

அன்று மாலை தங்கும் விடுதி அம்மா ஜன்னல் வழியாக மேட்டின் மேலிருந்த தேவாலயத்தைக் காட்டினார். காட்லா வெடித்தால் ஊரே ஏறவேண்டிய இடம் அதுதான். 1918 அக்டோபர் 12இல் அது வெடித்தபோது, வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய மணலில் கடற்கரையே வெளியே நகர்ந்துபோனதாம். அதற்குப் பிறகு அவ்வளவு பெரிய வெடிப்பு இல்லை. அதை அவர் நிம்மதியாகச் சொல்லவில்லை, நாள் தள்ளிப்போன பிரசவத்தைப் பற்றிப் பேசுவது போலச் சொன்னார்.

பாதை திறந்தபின் அந்த இடத்தைக் கடந்தோம். தார் பெயர்ந்த இடத்தில் புதுச் சரளை, பக்கத்தில் சாம்பல் நிறச் சேறு. கார்க் கண்ணாடியை இறக்கினேன். அழுகிய முட்டை வாடை. அந்த மலையிடமிருந்து எனக்கு நேராக வந்தது அது ஒன்றுதான்.

மறுமொழி:

நான் ஐஸ்லாந்து போனதே இல்லை. ஆனால் காட்லாவின் பக்கத்து வீட்டுக்காரர் என்னைத் தேடி லண்டனுக்கே வந்தார். 2010 ஏப்ரலில் ஏயாஃப்யட்லயோக்குல் என்ற எரிமலை வெடித்தது. அதுவும் பனிக்கடியில் இருப்பதுதான். நெருப்புக் குழம்பு பனி உருகிய நீரில் பட்டுத் தூள்தூளாகச் சிதற, அந்தத் தூள் ஐரோப்பாவின் வானத்தையே மூடவைத்தது. 17ஆம் தேதி சென்னைக்கு டிக்கெட் வைத்திருந்தேன், அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு. போக முடியவில்லை. தாலி கட்டுவதை ஸ்கைப்பில் பார்த்தேன், அதுவும் பாதியில் நின்றுவிட்டது. என் வீடு ஹவுன்ஸ்லோவில், ஹீத்ரோவுக்குப் பக்கம். எந்நேரமும் தலைக்கு மேல் விமானம் இரையும். அந்த வாரம் முழுக்கக் குருவிச் சத்தம் கேட்டது. பட்டு வேட்டி பெட்டிக்குள்ளேயே இருந்தது.

மறுமொழி:

படித்ததும் மனம் கனத்துவிட்டது அண்ணா. அந்தச் சாம்பலைத்தான் நான் விரலில் தேய்த்தேனோ என்னவோ, அதுவும் பக்கத்து மலைதானே. அங்கே போகிறவர்களுக்கு ஒன்று மட்டும்: ஆற்றோரம் அந்த முட்டை வாடை வந்தால் போட்டோ எடுக்க நிற்காதீர்கள். அது விஷவாயு, பள்ளத்தில் தேங்கும். வெள்ளம் வருவதற்கு முன்னால் வாடைதான் வருமாம். உடனே மேடேறிவிடுங்கள்.