பெரேயா மணற்கல்: உப்புநீரில் ஒரு வலிமை, காய்ச்சி வடித்த நீரில் வேறு வலிமை. ஏன்?

கோர்வெட்டி:
வணக்கம். முதுகலை ஆய்வுக்காக ஒஹாயோவின் பெரேயா மணற்கல்லில் ஒற்றை அச்சு அமுக்க வலிமை (ஒரே திசையில் அழுத்தும்போது கல் உடையும் அளவு) பார்க்கிறேன். எல்லாக் கோரும் (கல்லிலிருந்து துளைத்தெடுத்த உருளைத் துண்டு) ஒரே பாளம், படுகைக்குச் (கல்லின் படிவு அடுக்குக்கு) செங்குத்து. ஓவனில் காய்ந்ததும் மண்ணெண்ணெயில் ஊறியதும் கிட்டத்தட்ட ஒரே அளவில் உடைகின்றன. 5% சோடியம் குளோரைடு கரைசல் ஏற்றியது தெளிவாகக் குறைவு. அதே கரைசலை ஏற்றி, பிறகு காய்ச்சி வடித்த நீரைப் பாய்ச்சியவை அதைவிடக் குறைவு, சிதறலும் அதிகம். உப்புநீர்க் கோரைத் திரும்பக் காயவைத்து உடைத்தால் முதல் உலர் கோரைவிடக் கூடுதலாக வருகிறது! உப்பு மணற்கல்லுக்குப் பலம் தருகிறது என்று எழுதலாமா?

பாறைவிசை:
வேண்டாம், அப்படி எழுதாதீங்க. காய்ந்த கோரின் துளைகளில் திரவமே கிடையாது. உப்புப் படிகம் மணிகளுக்கு நடுவே இறுகி உட்கார்ந்திருக்கிறது, அது தற்காலிகப் பசை. நாலு தடவை நனைத்துக் காயவைத்தால் அதே படிகம் கல்லைப் பிளக்க ஆரம்பிக்கும். திரும்பக் காயவைத்த அந்தக் கோர்களைத் தனி அட்டவணையில் போடுங்க.

உங்களிடம் உள்ளதிலேயே அருமையான தகவல் மண்ணெண்ணெய்தான். துளையில் திரவம் நிறைவதால் மட்டும் கல் தளராது, நீருக்கும் குவார்ட்ஸுக்கும் நடக்கிற வினைதான் தளர்த்துகிறது என்பதற்கு அது சாட்சி. விரிசல் நுனியில் இழுபட்டு நிற்கிற சிலிக்கான்-ஆக்சிஜன்-சிலிக்கான் பிணைப்பை நீர் மூலக்கூறு அறுத்துவிடுகிறது, அதனால் குறைந்த சுமையிலேயே விரிசல் நகரும். 1965இல் கோல்பேக், வீட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வெவ்வேறு திரவங்களில் குவார்ட்ஸ் மணற்கல்லை ஊறவைத்து, திரவத்தின் பரப்பு இழுவிசை கூடக்கூட வலிமை குறைவதைக் காட்டினார்கள்.

ஒன்று கேட்கணும்: காய்ச்சி வடித்த நீர் பாய்ச்சும்போது மறுமுனையில் நீர் எப்படி வந்தது?

கோர்வெட்டி:
கொஞ்ச நேரத்தில் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கலாக வந்தது சார். பம்ப் அழுத்தமும் மளமளவென்று ஏறியது. கசடு என்று நினைத்து விட்டுவிட்டேன்.

பாறைவிசை:
அந்தக் கலங்கலில்தான் விடை இருக்கிறது. பெரேயாவின் துளைச் சுவர்களில் கயோலினைட் என்ற களிக்கனிமம் ஒட்டியிருக்கும். உப்பு அதிகமாக இருக்கும்வரை களித்துகளும் குவார்ட்ஸும் ஒன்றையொன்று தள்ளுகிற மின்விசை அடங்கிக் கிடக்கும். சோடியம் குளோரைடு லிட்டருக்கு ஏறத்தாழ 0.07 மோலுக்குக் கீழே போனதும் துகள் கழன்று, குறுகிய துளைவாயில் போய் அடைக்கும். பெரேயாவில் இந்த எல்லையை 1984இலேயே கிலாரும் ஃபாக்ளரும் காட்டிவிட்டார்கள். உங்களுடையது 5%, அதாவது லிட்டருக்கு 0.85 மோலுக்கு மேல். அங்கிருந்து ஒரே தாவலில் பூஜ்யம்! உடைத்தது அதே கல் இல்லை, களி நகர்ந்துபோன கல். எங்கே எவ்வளவு கழன்றது என்பது கோருக்குக் கோர் மாறும். சிதறலுக்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

உப்பைப் படிப்படியாகக் குறையுங்க. இல்லையென்றால் கால்சியம் குளோரைடு சேர்த்த நீர் எடுங்க, இரட்டை மின்னூட்ட அயனி களியை நன்றாகப் பிடித்துவைக்கும். இன்னும் நல்லது, இதே கல்லின் பொடியை நீரில் சில நாள் ஊறவைத்து வடிகட்டி அந்த நீரையே பயன்படுத்துவது. ஏற்றும் முன் நீரின் மின் கடத்துத்திறன் அளந்து (உப்பு எவ்வளவு என்று அது காட்டும்), எல்லைக்குக் கீழே போகவில்லை என்று பார்த்துக்குங்க.

ஆழ்துளை:
இடையில் வருகிறேன். வேகமாகச் சுமை ஏற்றினால் துளைநீர் வெளியேற நேரம் கிடைக்காது, உள் அழுத்தம் ஏறி கல் சீக்கிரம் உடையும். அது வெறும் விசைக்கணக்கு, வேதியியல் இல்லை. துளை அடைத்த கோரில் இது இன்னும் மோசம். பிணைப்பு அறுவதோ நேரம் எடுக்கும், மெதுவாக ஏற்றினால்தான் தெரியும். ஆகவே எல்லாக் கோருக்கும் ஒரே ஏற்ற வேகம் வையுங்க. ஓவனிலிருந்து எடுத்ததை டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய கலம்) ஆறவிடுங்க, காற்று ஈரமே உலர் அளவைக் கெடுத்துவிடும்.

கோர்வெட்டி:
நன்றி. இந்த முடிவை எல்லா மணற்கல்லுக்கும் சொல்லலாமா?

பாறைவிசை:
முடியாது. ஹாக்கின்ஸ், மெக்கானெல் 1992இல் 35 பிரிட்டிஷ் மணற்கற்களைப் பார்த்தபோது, நனைந்ததால் வந்த இழப்பு 8% முதல் 78% வரை போனது. களி மிகுந்தவைதான் அதிகம் தளர்ந்தன. ஸ்மெக்டைட் என்ற வீங்கும் களி இருந்தால் வீக்கமும் சேரும், பொட்டாசியம் குளோரைடு அதை அடக்கும். பிஎச்சையும் குறித்துவையுங்க: காரம் கூடினால் குவார்ட்ஸில் விரிசல் வேகம் கூடும், அமிலம் கூடினால் மணிகளை ஒட்டவைக்கிற கார்பனேட் சிமெண்ட் கரையும். பெரேயாவில் கொஞ்சம் கார்பனேட் இருக்கும். ஒரு துண்டைப் பொடித்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டு, நுரைக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்க.