போனில் அலிஃப் பே (அரபி எழுத்துகள்) படித்த பிள்ளைகள்: உங்களுக்கு நடந்தது என்ன?

காயல் உம்மா:
2020 ஊரடங்கில் மக்தப் (பிள்ளைகள் குர்ஆன் ஓதப் பழகும் பள்ளி) பூட்டிக் கிடந்தபோது மகனுக்கு ஆப்தான் உஸ்தாத், அதாவது ஆசிரியர். நாலு வயது. அலிஃபுக்கு முயல், பேக்கு வாத்து, தேக்கு ஆப்பிள். (வாத்துக்கு அரபியில் ‘பத்தா’வாம்.) ஒரே மாதத்தில் எல்லா எழுத்துக்கும் நட்சத்திரம் வாங்கிவிட்டான். நானும் சொந்தக்காரர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். மக்தப் திறந்ததும் உஸ்தாத் அரபி எழுத்துப் புத்தகமான காயிதாவைப் பிரித்து பே மேல் விரல் வைத்தார். இவன் குனிந்து பக்கம் முழுக்கத் தேடிவிட்டு, “வாத்தைக் காணோமே உஸ்தாத்” என்றான். பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் அவன் முகம் சுருங்கிப்போனது.

ஓதிக்கொடுப்பவள்:
என்னிடம் வந்த ஐந்து வயதுப் பிள்ளை, குர்ஆனின் இக்லாஸ் சூராவை (அத்தியாயத்தை) ராகம் பிசகாமல் ஓதினாள். முடித்ததும் பெருவிரலால் காற்றில் ஒரு தட்டு. அப்புறம்தான் அடுத்த சூரா, ஃபலக். என்னம்மா அது என்றேன். “விளம்பரம் வரும்ல?” சிரிப்பு வரவில்லை எனக்கு.

தூரத்து வாப்பா:
ஆப்பைத் திட்டுவது சுலபம். நாங்கள் இருப்பது ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர். ஊரிலிருந்து ஹஜ்ரத் வீடியோ காலில் ஓதிக்கொடுக்கிறார். தமிழில் எழுதினால் இரண்டு ஹாவும் ஒன்றுதான். அரபியில் ஒன்று நடுத்தொண்டை, ஒன்று அடித்தொண்டை. போன் ஸ்பீக்கரில் இரண்டும் ஒரே சத்தம். மகள் மூன்று தடவை தப்பாகச் சொல்லி அழுதுவிட்டாள். ஹஜ்ரத் சட்டென்று தாடியை ஒதுக்கி, கழுத்தை கேமராவோடு ஒட்டி, விரலால் இடத்தைத் தொட்டுக் காட்டினார். திரை முழுக்கத் தொண்டை! அன்றைக்குத்தான் அவளுக்குப் பிடிபட்டது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பேரன்களின் நன்னா:
என் பேரனும் இப்படித்தான். காயல் உம்மா, தப்பு உங்கள்மேல்தான். ஆட்டோபிளேயை முதலில் அணையுங்கள். சூராவை இறக்கிவைத்து, நெட்டை நிறுத்திவிட்டுக் கொடுங்கள், விளம்பரமே வராது. பிள்ளை வாயால் எழுத்தைச் சொன்ன பிறகுதான் திரையைத் தொடவேண்டும். படத்தைக் கட்டைவிரலால் மறைத்துக் கேளுங்கள். அன்றைக்கே காயிதாவிலும் அதே எழுத்தைக் காட்டுங்கள். இரண்டிலிருந்து நாலு வயது வரை திரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இலேயே சொல்லியாயிற்று. பக்கத்தில் பெரியவர் உட்கார்ந்தே ஆகவேண்டும். அடுப்படியில் இருந்துகொண்டு “ஓது, ஓது” என்று குரல் கொடுத்தால் ஆகாது.

காயல் உம்மா:
நன்னா, நான் யோசனை கேட்கவில்லையே. ஆப் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவன் இப்போது குர்ஆனே ஓதுகிறான். ஆனால் வீட்டில் யாராவது “வாத்து” என்றால் இன்றைக்கும் எழுந்து உள்ளே போய்விடுகிறான்.