ஊசிப் பின்னலா, ஊசி ரேந்தையா?

வணக்கம். ‘நீடில் லேஸ்’ (needle lace), அதாவது அடித்துணி இல்லாமல் ஊசியாலும் நூலாலும் மட்டுமே தைத்து எடுக்கும் லேஸ், அதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற பேச்சில் நீங்கள் எழுதியது:

> ‘ஊசிப் பின்னல்’ என்றே வைத்துக்கொள்ளலாம்.

அவசரப்பட வேண்டாம். பின்னல் ஊசி என்றால் ஸ்வெட்டர் போடும் நீண்ட ஊசி. அதையே திருப்பிப் போட்டு ‘ஊசிப் பின்னல்’ என்றால் படிப்பவருக்குக் கம்பளி நூல்தான் கண்முன் வரும். அதைவிட முக்கியம், இந்த வேலையில் பின்னலே கிடையாது. பின்னுவது பாபின் லேஸ். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாகர்கோவிலில் ஆங்கிலேய மிஷனரி மார்த்தா மால்ட் கற்றுக்கொடுத்தது அந்த வகைதான்: தலையணைமேல் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு, சடை பின்னுவதுபோல. நாம் பேசுவதில் ஒரே ஊசி, ஒரே நூல், சட்டைக்குக் காஜா எடுப்பதுபோன்ற தையல்.

என் பரிந்துரை ‘ஊசி ரேந்தை’. போர்ச்சுகீசிய ‘ரெண்டா’விலிருந்து வந்த சொல், தமிழ் லெக்சிகனிலேயே இருக்கிறது. ‘லேஸ்’ என்றால் கடையில் மீட்டர் கணக்கில் வாங்கும் மெஷின் நாடா நினைவுக்கு வருவதால் அதைத் தவிர்க்கிறேன்.

உறுப்புகளுக்கும் பெயர் வேண்டும். வரைந்த காகிதத்தை இரண்டு மடிப்புத் துணிமேல் வைத்து இழையோட்டுகிறோம். பிறகு கோடுகளின்மேல் தடித்த நூலைக் கிடத்தி, மெல்லிய நூலால் அங்கங்கே துணியோடு கட்டிப் போடுகிறோம். அந்தத் தடித்த நூலை ‘வரப்பு நூல்’ என்கிறேன். வயலில் வரப்பு போட்ட பிறகுதானே நடவு? இங்கேயும் அதற்குள்தான் ‘நிரப்புத் தையல்’ வருகிறது. அந்தத் தையல் துணியைத் தொடவே கூடாது, வரப்பை மட்டும் பிடிக்க வேண்டும். அதனால் ஊசியைக் காதுப்பக்கம் முன்னால் வைத்து ஓட்டுவோரும் உண்டு.

திட்டமிடுதல் எல்லாம் வரப்பு நூலில்தான். நூலை இரண்டாக மடித்து, மடிப்பிலிருந்து தொடங்க வேண்டும். கிளை பிரியும் இடத்தில் இரண்டில் ஒரு இழை மட்டும் கிளையின் நுனிவரை போய்த் திரும்பிவந்து மற்றதோடு சேரும். இதை முன்கூட்டியே விரலால் ஓட்டிப் பார்க்காமல் தொடங்கினால் நடுவில் நூலை வெட்ட வேண்டிவரும். என் முதல் இலையில் அப்படி மூன்று இடத்தில் வெட்டினேன். துணியிலிருந்து பிரித்து எடுத்த பிறகு மூன்றும் அவிழ்ந்தன.

கடைசியில் இரண்டு துணிக்கும் நடுவே கத்தியை விட்டுக் கட்டு நூல்களை அறுத்தால் ரேந்தை தனியே கையில் வரும்.

———

வரப்பு நூல் அருமை. ஆனால் ‘ரேந்தை’ இன்றைய பிள்ளைகளுக்குப் புரியாதே, ஐயா? ‘அந்தரத் தையல்’ என்று வைத்தால் என்ன? 16ஆம் நூற்றாண்டு வெனிஸில் இதற்குப் பெயரே ‘புந்தோ இன் ஆரியா’, காற்றில் போட்ட தையல். முதலில் துணியிலிருந்து இழைகளை உருவி, அந்த இடைவெளியைத் தைத்து நிரப்பினார்கள். அப்புறம் துணியே வேண்டாம் என்றாகிவிட்டது. அந்தப் பாய்ச்சல் பெயரில் தெரிய வேண்டாமா?

———

தெரியத்தான் வேண்டும், அம்மா. ‘அந்தரத் தையல்’ கேட்டதும் எனக்கும் ஆசை வந்தது. ஆனால் தையல் என்பது செயல். கையில் வரும் பண்டத்துக்கும் ஒரு பெயர் வேண்டுமே. பிரான்சின் அலென்சான் நகரத்து ஊசி ரேந்தைக் கலையை யுனெஸ்கோ 2010இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அங்கே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 7 மணி நேரம் ஆகிறது, கற்றுத்தேற 7 முதல் 10 ஆண்டுகள். ‘அலென்சான் அந்தரத் தையல் ஒரு துண்டு’ என்று எழுதிப் பாருங்கள், இடிக்கிறது. ‘அலென்சான் ரேந்தை’ சரியாக உட்கார்கிறது. ரேந்தை புரியாது என்பது உண்மைதான். நாலு இடத்தில் எழுதினால் புரிந்துவிடும்.

எனவே பண்டத்துக்கு ஊசி ரேந்தை, வெனிஸின் அந்தப் பழைய வகைக்கு அந்தரத் தையல். சம்மதமா?

இனி பிகோ பாக்கி. விளிம்பில் துருத்தி நிற்கும் சின்ன வளையம். ‘மொக்கு’ என்று குறித்து வைத்திருக்கிறேன். வளையம் என்பது அதில் வரவில்லை, அதுதான் உறுத்துகிறது.